ஐம்பது எடுத்தும் ஃபெயில்

"பாஸ் மார்க் நாப்பதுதானே சார்? பொண்ணு அம்பது எடுத்திருக்கா. அப்புறம் எப்படி ஃபெயில்னு போட்டாங்க?"

பாலவாக்கத்தில் ஈசிஆர் ஓரத்து டீக்கடையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் செல்போனை நீட்டிக் கேட்ட கேள்வி இது. மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதலாண்டு. கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தப் பக்கத்து மார்க் வழக்குகள் பெரும்பாலும் என் பெஞ்சுக்குத்தான் வரும். முடிவைப் பார்த்தேன். இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 28, மொத்தம் 50. போட்டது சரிதான், ஃபெயில்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரு தியரித் தாளுக்கு 100 மதிப்பெண். அதில் 25 கல்லூரி தரும் இன்டர்னல், 75 பல்கலைக்கழகத் தேர்வில் எடுக்கும் எக்ஸ்டர்னல். தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த 75-இல் மட்டும் தனியாக 30 எடுத்தாக வேண்டும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. இன்டர்னலுக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. அதனால் இன்டர்னலில் 10, எக்ஸ்டர்னலில் 30 எடுத்த பக்கத்து பெஞ்சுப் பெண் நாற்பதோடு பாஸ். 22-ம் 28-ம் எடுத்த இவர் மகள் ஐம்பதோடு அடுத்த முறை எழுத வேண்டும்.

"இது என்ன நியாயம்?" என்றார். நியாயம் இருக்கிறது. இன்டர்னல் போடுவது பாடம் நடத்துகிற நாங்கள். தெரிந்த பிள்ளை, வீட்டுக் கஷ்டம், கல்லூரியின் தேர்ச்சி விகிதம் என்று எங்கள் கை தாராளமாக நீளும். அந்தத் தாராளத்தை வைத்து மட்டும் யாரும் டிகிரி வாங்கிவிடக் கூடாது என்று பல்கலைக்கழகம் போட்ட தடுப்பு அது. எங்கள் மேல் உள்ள அவநம்பிக்கைதான், ஆனால் காரணமில்லாத அவநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த 25 எங்கிருந்து வருகிறது? நான் அறிந்த பகிர்வில் மூன்று தேர்வு வைத்து, நல்ல இரண்டை எடுத்துக்கொண்டு 10. செமினார் 5, அசைன்மென்ட் 5, வருகைப் பதிவு 5. வருகையில் 91 விழுக்காட்டுக்கு மேல் என்றால் ஐந்தும் கிடைக்கும்; 76 முதல் 90 வரை நான்கு, 60 முதல் 75 வரை மூன்று, அதற்குக் கீழே பூஜ்யம். மூன்றில் மோசமான தேர்வைக் கழித்துவிடுவது நல்ல ஏற்பாடு. ஒரு நாள் காய்ச்சலுக்காக ஒரு பருவமே கெட வேண்டாமே.

வெறுமனே வந்து உட்கார்ந்ததற்கு ஐந்து மார்க்கா என்று வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் கேலி செய்வார். அவர் பாடத்துக்கு அது பொருந்தலாம். மைக்ரோபயாலஜியில் கதை வேறு. இங்கே வருகை விதியைப் போட்டது பல்கலைக்கழகம் என்பதைவிட பாக்டீரியா என்பதே சரி.

செவ்வாய்க்கிழமை லேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இனாகுலேஷன் லூப்பைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கல்ச்சரில் தொட்டு, பெட்ரி தட்டில் உள்ள அகாரின் ஒரு மூலையில் நெருக்கமாக இழுக்கிறாள். மறுபடி லூப்பைக் காய்ச்சி, முதல் கோடுகளின் ஓரத்திலிருந்து இரண்டாம் மூலைக்கு. அப்படியே மூன்று, நான்கு. ஒவ்வொரு மூலைக்கும் போகப் போக கிருமி குறைந்து, கடைசி மூலையில் தனித்தனிப் புள்ளியாகக் காலனி முளைக்க வேண்டும். ஆனால் செவ்வாயன்று தட்டில் எதுவும் தெரியாது. 37 டிகிரி இன்குபேட்டரில் ஓர் இரவு கிடந்து புதன்கிழமைதான் தெரியும். இடையில் லூப்பைக் காய்ச்ச மறந்திருந்தால் நான்கு மூலையும் ஒரே படலமாக மூடியிருக்கும். செவ்வாய் வந்து புதன் வராத பிள்ளை, தான் செய்த தப்பையே பார்க்காமல் போகிறாள். வருகைப் பதிவேட்டில் போனது ஒரு நாள். உண்மையில் போனது ஒரு சோதனை. இதனால்தான் பல கல்லூரிகளில் இந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வு அடுத்தடுத்த இரண்டு நாள் நடக்கிறது. முதல் நாள் தட்டு போட வேண்டும், மறுநாள் வந்து ரிசல்ட் எழுத வேண்டும்.

செய்முறைத் தாளில் மார்க் பிரிவும் வேறு. இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60. இங்கேயும் எக்ஸ்டர்னலில் 40 விழுக்காடு, அதாவது 24, எடுக்க வேண்டும். அந்த அறுபதும் மேஜர், மைனர், ஸ்பாட்டர், வைவா, ரெக்கார்டு என்று பிரியும். மைனரில் அடிக்கடி வருவது கிராம் ஸ்டெயினிங். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர் 1884-இல் வெளியிட்ட முறை. இன்றும் முதல் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளின் விரலும் ஊதாவாவது அவரால்தான். ஸ்லைடில் கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், கழுவி அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஊதாத் திராட்சைக் கொத்தாகத் தெரிய வேண்டும், ஈ.கோலை இளஞ்சிவப்புக் குச்சியாக. இதில் கண்டம் ஆல்கஹால்தான். சில விநாடி கூடிப்போனால் ஸ்டாஃபிலோகாக்கஸும் நிறம் இழந்து இளஞ்சிவப்பாகிவிடும். பரீட்சை பயத்தில் கை நடுங்கி ஆல்கஹாலை ஊற்றிக்கொண்டே இருந்த பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். செய்முறை வரிகளை ஒப்பிக்கத் தெரிந்திருக்கும். கை பழகியிருக்காது. வராத நாட்களின் கணக்கு அங்கேதான் தீர்க்கப்படும்.

லேப் ஒழுங்குக்கும் இன்டர்னலில் மார்க் போவதுண்டு. கோட் இல்லை, கூந்தலைக் கட்டவில்லை, திறந்த செருப்பு, மேஜையை லைசாலோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்கவில்லை, பயன்படுத்திய தட்டை ஆட்டோகிளேவுக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டது. பெற்றோர் இதைக் கெடுபிடி என்கிறார்கள். அந்தத் தட்டில் வளர்ந்திருப்பது உயிருள்ள கிருமி. 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், 15 நிமிடம் வெந்த பிறகுதான் அது குப்பை.

ரெக்கார்டு விஷயத்தில் மட்டும் எனக்கு எங்கள் துறையோடு சண்டை உண்டு. லேபில் அன்றன்று கிறுக்குவது அப்சர்வேஷன் நோட்டு. அதைப் பார்த்து அழகாக எழுதுவது ரெக்கார்டு. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். ஆகவே பிள்ளைகள் சீனியர் ரெக்கார்டை வாங்கி, வண்ணப் பென்சிலால் படம் தீட்டி, எல்லாருக்கும் ஒரே ரிசல்ட் எழுதிக் கொண்டுவருகிறார்கள். நாங்களும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிறோம். தன் தட்டில் காலனி தனியாகப் பிரியவில்லை என்று எழுதி, ஏன் பிரியவில்லை என்றும் எழுதிய பிள்ளைக்குத்தான் முழு மார்க் போட வேண்டும். பல லேப்களில் அந்தப் பிள்ளைக்கு "ரிப்பீட்" என்று சிவப்பு மை விழும். மறுவாரம் அதுவும் சீனியரைப் பார்த்து எழுதத் தொடங்கும்.

உள்ளதை உள்ளபடி எழுதுவதன் மதிப்புக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1986-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.டி. மைக்ரோபயாலஜி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரிகள் சேகரித்தார். சோதனை வேலூர் சிஎம்சியில் நடந்தது. ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருப்பதாகக் காட்டியது. இந்தியாவில் அந்த வைரஸ் இல்லை என்று பலரும் நம்பிய காலம் அது. வரக்கூடாத ரிசல்ட் என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி சோதித்தார்கள், அமெரிக்காவில் உறுதிசெய்தார்கள். நாட்டில் எச்ஐவி நுழைந்தது தெரியவந்தது ஒரு மாணவி மார்க்குக்காகச் செய்த வேலையில்.

மறுபடி வருகைக்கு வருவோம். ஐந்து மார்க்கைவிட பெரிய ஆபத்து ஹால் டிக்கெட். பருவத்துக்கு 90 வேலை நாள். 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றால் காரணம் காட்டி, கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கான விலக்கு) கட்டணம் கட்டி எழுதலாம். 50-க்கும் 65-க்கும் இடையில் என்றால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது, பின்னால்தான் எழுத வேண்டும். ஐம்பதுக்கும் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தால் வராத நாள் வந்த நாளாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது, கண்டோனேஷன் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான். இலவச பிங்க் பஸ் வரட்டும் என்று திருவான்மியூரில் காத்திருந்து முதல் மணி நேரத்தை விடுகிற பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை அரை நாள் போய்விடுகிறது. மாதக் கடைசியில் வகுப்பு ஆசிரியரிடம் எண்ணிக்கையைக் கேட்டுவிடுவது நல்லது.

தெருக்காரரின் அடுத்த சந்தேகம் கிரெடிட். 2008-09-இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கு விருப்பப் பாடத் தர முறை வந்ததிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எடை உண்டு. 72 மார்க் என்றால் 7.2 புள்ளி. அதைத் தாளின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜிபிஏ. நான்கு கிரெடிட் மைக்ரோபயாலஜியில் 72, மூன்று கிரெடிட் தமிழில் 85 எடுத்தால் 7.76 வரும். இதே மார்க் இடம் மாறி மைக்ரோபயாலஜியில் 85, தமிழில் 72 என்றால் 7.94. கனமான தாளில் கவனம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். 90-க்கு மேல் ஓ, 80-களில் டி பிளஸ், 75 முதல் 79 வரை டி, நாற்பதுக்குக் கீழே யு. டிஸ்டிங்ஷனோ ரேங்க்கோ வேண்டுமென்றால் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். அரியர் வைத்துப் பின்னால் 90 எடுத்தாலும் அந்தப் பட்டம் வராது.

28 எடுத்த பெண்ணுக்கு இப்போது என்ன வழி? இன்டர்னல் 22 அப்படியே இருக்கும், அதைத் தொட வேண்டாம். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டு மார்க் தூரத்தில் இருப்பவர்கள் முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும். கூட்டலில் விட்டுப்போனது, திருத்தாமல் விட்ட பக்கம் இருந்தால் கண்ணில் படும். இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, அடுத்த தேர்வில் அந்த 30-ஐத் தாண்டப் பார்க்க வேண்டியதுதான்.

நான் சொன்னது இணைப்புக் கல்லூரிக் கணக்கு. தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் பாதிக்குப் பாதி, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வேறு பகிர்வு. சேர்ந்த ஆண்டின் விதிதான் மூன்று வருடமும் பிள்ளைக்குப் பொருந்தும். வினாத்தாள் அமைப்பும் அந்தந்த ஆண்டுப் பாடத்திட்டத்தோடு மாறுகிறது. எனவே அக்கம்பக்கத்து அண்ணன் சொன்னதையோ, நான் டீக்கடையில் சொன்னதையோ மட்டும் நம்பியிருக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே துறையில் போய் அந்த ஆண்டு விதிமுறைப் பக்கத்தை ஒரு பிரதி வாங்குங்கள். பருவக் கடைசியில் இன்டர்னல் பட்டியலில் கையெழுத்து வாங்கும்போது, தேர்வு, செமினார், அசைன்மென்ட், வருகை என்று தனித்தனியாகப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அந்த 25-இல் எதையும் மாற்றுவது மிகக் கடினம்.