வயிற்றில் பழைய தழும்பு உள்ளதா? ‘டம்மி டக்’ சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளை பெற்ற பிறகோ உடல் எடை வெகுவாகக் குறைந்த பிறகோ வயிற்றுத் தோல் தளர்ந்து தொங்கலாம். மிகுதியான தோலையும் கொழுப்பையும் அகற்றி, தளர்ந்த தசையை இறுக்கித் தைப்பதை ‘டம்மி டக்’ என்பார்கள். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலரும் இதைச் செய்துகொள்ள முடியும். ஆனால், பழைய தழும்பு எங்கே உள்ளது என்பதை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும்.

தழும்பு ஏன் முக்கியம்?

காயம் ஆறுவதற்கு நல்ல இரத்த ஓட்டம் தேவை. இந்தச் சிகிச்சையில் வயிற்றுத் தோல் தசையிலிருந்து பிரிக்கப்படும். அப்போது நடுவயிற்றிலிருந்து தோலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் துண்டிக்கப்படும். பிறகு பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்துதான் தோலுக்கு இரத்தம் வரும். பழைய தழும்பு அந்தப் பாதையை மறித்தால், காயம் ஆறத் தாமதமாகும். தோலின் ஒரு பகுதி கறுத்து அழிந்துபோகவும் கூடும்.

உங்கள் தழும்பு எங்கே உள்ளது?

• அடிவயிற்றில் குறுக்காக (சிசேரியன், கருப்பை அகற்றுதல்): அகற்றப்படும் தோலுடன் இந்தத் தழும்பும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

• வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாக (பழைய முறைப் பித்தப்பை அறுவை சிகிச்சை): மிகுந்த கவனம் தேவை. மருத்துவர் குறைந்த அளவு தோலை மட்டும் அகற்றலாம், அல்லது சிகிச்சை வேண்டாம் எனக் கூறலாம்.

• நடுவயிற்றில் நெடுக்காக: தழும்புக்கு அடியில் குடலிறக்கம் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.

• சிறு துளைத் தழும்புகள்: பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. தொப்புளருகே குடலிறக்கம் உள்ளதா எனப் பார்ப்பார்கள்.

இருமும்போது தழும்பருகே புடைக்கிறதா? அது குடலிறக்கமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் கொழுப்பை உறிஞ்சி எடுத்தால், குடல் துளைபடும் ஆபத்து உண்டு. ஸ்கேன் தேவையா எனக் கேளுங்கள்.

மருத்துவரிடம் சொல்லுங்கள்

• 30, 40 ஆண்டுகளுக்கு முன் செய்த அறுவை சிகிச்சை உட்பட அனைத்தையும் சொல்லுங்கள். “அது பழைய கதை” என்று விட்டுவிடாதீர்கள்.

• நீரிழிவு, இதய நோய் இருந்தால் கூறுங்கள். இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து, மீன் எண்ணெய், நாட்டு மருந்து ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

• புகைபிடிப்பவர் என்றால் மறைக்காதீர்கள். புகை தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும். குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது அவசியம்.

முடிவெடுக்கும் முன்

அழகுக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைக்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றைப் பயன்படுத்த முடியாது. செலவு விவரத்தை எழுத்தில் பெறுங்கள். மருத்துவர் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பிள்ளைகளின் உதவியைக் கேளுங்கள்; ஆலோசனைக்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

தோல் கறுத்தாலோ, காயத்திலிருந்து சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் உடனே 995ஐ அழையுங்கள்.

இது உயிர்காக்கும் சிகிச்சை அன்று, அவசரப்படத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால், முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள்.