பழைய போலோ ஜிடி வாங்கப் போறீங்களா? இஎம்ஐ மட்டும் பார்க்காதீங்க!

செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ மேல ஆசையா? முதல்ல எந்த வருஷ வண்டின்னு பாருங்க.

2013-ல் வந்த 1.2 இன்ஜினில் டைமிங் செயின், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, உலர் கிளட்ச். அவினாசி ரோட்டு டிராஃபிக்குல தினமும் ஊர்ந்தா கிளட்ச் தேயும். மெக்கட்ரானிக் யூனிட் போனா செலவு லட்சத்தைத் தாண்டலாம்.

2020-ல் வந்த 1.0 இன்ஜினில் டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ். அந்த பயம் இல்லை. ஆனா டைமிங் பெல்ட் அறுந்தா இன்ஜினே காலி.

ரெண்டுக்கும் 15,000 கிமீ அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்போ சர்வீஸ். ரெக்கார்டு இல்லாத வண்டியை விட்டுடுங்க.

இஎம்ஐ போக மாசம் 4,000 ரூபாய் தனியா ஆர்டி போடுங்க. மூணு வருஷத்துல வட்டி சேர்க்காமலே 1,44,000. அந்த 4,000 எடுத்து வைக்க முடியலைன்னா, இப்போதைக்கு அந்த வண்டி வேண்டாமுங்க.