சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஒரு லெகோ வீடு!

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் ஏ.சி ஹால், பீரோ பீரோவாக நிற்கும் பெட்டிகள், பல கோடி ரூபாய் செலவு என்றுதான் நினைவுக்கு வரும். 2012-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சைமன் காக்ஸ் குழு உருவாக்கியது வேற ரகம். 64 ராஸ்பெர்ரி பை போர்டுகள். அவற்றை அடுக்கிவைக்க லெகோ கட்டைகள். லெகோ வேலையில் கைகொடுத்தது, காக்ஸின் 6 வயது மகன்!

ராஸ்பெர்ரி பை என்பது ஏ.டி.எம் கார்டு அளவில் இருக்கும் ஒரு முழு கம்ப்யூட்டர். அதுவும் 2012-ல்தான் விற்பனைக்கு வந்தது. 64 போர்டுகளையும் நெட்வொர்க் கேபிளால் இணைத்து, பல்கலைக்கழகத்தின் நிஜ சூப்பர் கம்ப்யூட்டரான 'ஐரிடிஸ்' பெயரையே சேர்த்து 'ஐரிடிஸ்-பை' என்று அழைத்தார்கள். நெட்வொர்க் சுவிட்சுகள் நீங்கலாகச் செலவு 2,500 பவுண்டுக்கும் குறைவு. ஒரே பிளக் பாயின்ட்டில் மொத்தமும் ஓடும்.

எதற்கு இந்த வேலை?

வேகத்தில் ஒரு நல்ல லேப்டாப்பே இதை முந்திவிடும். ஆனால், நிஜ சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவோ, கேபிளைப் பிடுங்கிப் பார்க்கவோ எந்த மாணவரையும் விடமாட்டார்கள். இதில் தாராளமாகச் செய்யலாம். கெட்டுப்போனால் மாற்றவேண்டியது ஒரு சின்ன போர்டைத்தான்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் நறுக்க 10 பேர் உட்கார்ந்தால் வேலை சட்டென்று முடியும். ஒரே அண்டாவைக் கிளற 10 பேர் நின்றால்? இடிபடத்தான் முடியும். எந்த வேலையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்க முடியாது என்பதுதான் சூப்பர் கம்ப்யூட்டரின் அடிப்படைப் பாடம்.

பெரியவர்களுக்கும் இது உதவுகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம், 2017-ல் 750 போர்டுகள் கொண்ட தொகுப்பை வாங்கியது. எப்போதும் பிஸியாக இருக்கும் பெரிய இயந்திரங்களைத் தொடாமலே புது மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கத்தான்.

4 போர்டு போதும்

ஆரம்பிக்க 4 போர்டு, மெமரி கார்டுகள், பவர் சப்ளை, ஒரு நெட்வொர்க் சுவிட்ச் போதும். லினக்ஸும், போர்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் எம்.பி.ஐ மென்பொருளும் இலவசம். 'பை' மதிப்பைக் கணக்கிடும் புரோகிராமை முதலில் ஒரு போர்டிலும், பிறகு நான்கிலும் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் சரியாகக் கால்வாசியாகக் குறையாது. போர்டுகள் பேசிக்கொள்ளவும் நேரம் பிடிக்குமே! எவ்வளவு நேரம் அதில் போகிறது என்று மாணவர்கள் கணக்குப் போட்டுத் தேடத் தொடங்கினால், வகுப்பு களைகட்டிவிடும்.