லைப்ரரியில் 'செல்வன்' எங்கே ஒளிஞ்சிருக்கார்?

உங்க ஊர் யுனிவர்சிட்டி லைப்ரரி தேடல் பெட்டியில் 'பொன்னியின் செல்வன்' என்று ஆங்கில எழுத்தில், செல்வனுக்கு 'எஸ்' போட்டுத் தேடிப் பாருங்க. ஒண்ணுமே வராம போகலாம். 'எஸ்'ஸை எடுத்துட்டு 'சி' போடுங்க. இருந்தா வந்துடும்!

காரணம், ஏஎல்ஏ-எல்சி என்ற எழுத்துப்பெயர்ப்பு விதி. அதில் 'ச' என்றால் 'சி'தான். 'ழ'வுக்கு நாம போடுற 'இசட்-எச்' கிடையாது. அடியில் கோடு போட்ட 'எல்'. உச்சரிப்பைப் பார்க்காம எழுத்துக்கு எழுத்து மாத்துறதால, எந்த நாட்டு நூலகர் எழுதினாலும் ஒரே மாதிரி வரும். லாஜிக் சரிதான். நம்ம கைப்பழக்கம்தான் வேற.

1960களில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் உருவாக்கிய 'மார்க்' வடிவத்தில்தான் இன்னமும் ஏராளமான கேட்டலாக்குகள் ஓடுது. அதில் தமிழ் எழுத்தை அப்படியே வைக்க 880 என்ற புலம் உண்டு. ஆனா பழைய பதிவுகள் பலவற்றில் அது இல்லை. அப்போ தமிழில் டைப் பண்ணினாலும் புத்தகம் கண்ணில் படாது. யாரும் எடுக்காத புத்தகம் ஒருநாள் அலமாரியை விட்டே போயிடலாம்.

அதனால தமிழில் ஒருமுறை, உங்க வழக்கப்படி ஒருமுறை, 'சி' போட்டு ஒருமுறை தேடுங்க. தமிழ் எழுத்து இல்லாத பதிவைப் பார்த்தா லைப்ரரிக்கு ஒரு மெயில் தட்டுங்க: "880 சேர்க்க முடியுமா?" கேட்டலாக் பண்றவங்களுக்கு அந்த நம்பர் உடனே புரியும்.