எண்ணும் சொல்லும் – 12: பெயரே கணக்கு

மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் காய் வாங்கும் தமிழர், கன்னடம் தெரியாவிட்டாலும் எடை கேட்கத் திணற வேண்டியதில்லை. அங்கே 'காலு', 'முக்காலு'. நமக்குக் கால், முக்கால். மாட்டுக்குக் கால் நான்கு, அந்த நான்கில் ஒன்று கால் என்று இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள். வடமொழிப் 'பாத'த்துக்கும் அடி, நான்கில் ஒரு பங்கு என இரண்டு பொருள் உண்டு.

சென்ற வாரம் சுழியத்தைப் பார்த்தோம். இந்த வாரம் ஒன்றுக்குக் கீழே இறங்குவோம்.

காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதில் பாதி மாகாணி, 1/16. இந்த மாகாணியைப் பிரித்துப் பாருங்கள். மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. கூட்டினால் 5/80, சுருக்கினால் 1/16! பெயரைச் சொல்லும்போதே கூட்டல் முடிந்துவிடுகிறது. 'அரைக்கால்' என்ற பெயரிலோ பெருக்கல் இருக்கிறது: காலில் அரை. காணியில் கால் பங்கு முந்திரி, 1/320. அதன் முன்னால் 'கீழ்' சேர்த்தால் மறுபடியும் 320-ஆல் வகுக்க வேண்டும். கீழ்முந்திரி 1/1,02,400.

320-ஆல் என்ன வசதி? பாதி பாதியாகக் குறையும் வரிசை ஒன்று: அரை, கால், அரைக்கால், மாகாணி. இருபதில் ஒன்றாகத் தொடங்கும் வரிசை இன்னொன்று: மா, அரைமா, காணி. இரண்டையும் மீதியில்லாமல் அளக்கும் சின்னப் படி முந்திரி. மாகாணிக்கு 20 முந்திரி, மாவுக்கு 16 முந்திரி. இதைத் தெரிந்தவருக்குப் பின்னக் கூட்டல் வெறும் முழு எண் கூட்டல்தான்.

இந்தச் சொற்கள் வயலிலும் புழங்கியவை. 20 மா ஒரு வேலி. தஞ்சை வட்டாரத்தில் மூன்று மா ஓர் ஏக்கர் என்பது இன்றும் பேச்சில் உண்டு. முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழ் என்று இறங்கி இறங்கிக் கணக்குச் சொல்கின்றன.

தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் இருந்த ஊரும் மைசூருதான். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் உதகையிலிருந்து இங்கே வந்தது. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் படியவைத்து, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுப்பது மைப்படி. கறுத்த தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும். தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட்டது. அவற்றில் இருப்பது அரசர் புகழ் மட்டுமல்ல, நம் கணக்கும்தான்.

சொல்லைப் போலவே குறியும் ஊரறிந்ததாக இருந்தது. எட்டுக்கு 'அ' வடிவம். காலுக்கு 'வ' வடிவம். எட்டேகால் என்று எழுதினால் 'அவ' என்று வரும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இதை வைத்தே ஒருவரை அவலட்சணம் என்று வைகிறது. கேட்பவருக்குக் குறி தெரியாவிட்டால் அந்த வசவு உறைக்காது. கணக்கு அந்த அளவுக்குப் பொதுச்சொத்தாக இருந்தது.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியாக மனப்பாடம் செய்த வாய்பாடு இந்தப் பின்னக் கணக்கு. 1957 ஏப்ரல் 1-ல் பதின்ம நாணயம் வந்தது, மெட்ரிக் அளவைகள் தொடர்ந்தன, மாவும் காணியும் வகுப்பறையை விட்டுப் போயின. கிலோவும் மீட்டரும் வந்ததில் குறையில்லை. பழைய கணக்கின் அறிவைச் சேர்த்துத் தொலைத்ததுதான் இழப்பு. 'இம்மியளவும் இரக்கமில்லை' என்கிறோம். இம்மி பத்தரை சேர்ந்தால் ஒரு கீழ்முந்திரி, ஆக இம்மி என்பது 1/10,75,200 என்று சொல்லித்தர ஆளில்லை.

2019-ல் யூனிகோடு 12-ஆம் பதிப்பு தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகளுக்கு இடம் தந்தது. இனி அவற்றைக் கணினியில் எழுதலாம். படிக்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமோ ஓலையோ இருந்தால், புரியாத கிறுக்கல் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது மாவும் காணியுமாக இருக்கலாம். வாய்பாடு சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.