சில மாதங்களுக்கு ஒரு வீடு

நோயாளி வீடு திரும்பலாம் என்று மருத்துவர் கையெழுத்திடும் நாள் குடும்பமே எதிர்பார்த்திருக்கும் நாள். ஆனால், அந்நாளில் சிலர் எங்கள் சமூகப் பணியாளர்களிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "எந்த வீட்டுக்குப் போவது?" மழைவெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள், மருத்துவச் செலவால் வாடகை கொடுக்க இயலாமல் காலி செய்தவர்கள், தொலைவூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் எனக் காரணங்கள் வேறுபடும். தேவை ஒன்றே. சில மாதங்களுக்கு ஒரு வீடு வேண்டும்.

வடசென்னை இத்துயரை அறியாததன்று. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருப்போர் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின; வீடுகள் தப்பவில்லை. அக்குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர், திருவொற்றியூர் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. காயம் ஆறாதவரும் மூச்சுத்திணறல் உள்ளவரும் அத்தகைய வீட்டில் எவ்வாறு தங்க இயலும்?

தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தது. இங்கு ஏறினால், வேறு ரயில் மாறாமல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையை அடையலாம். வாரநாள்தோறும் பல வாரங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கும், வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இப்பகுதியில் ஒரு சிறு வீடு கிடைத்தால் அது பேருதவி. "வீடு வாடகைக்கு" என்ற பலகைகளையும் நாம் காண்கிறோம். இருந்தும் கேட்டுச் சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்புவது ஏன்?

வீட்டு உரிமையாளருக்கு மூன்று ஐயங்கள் உண்டு. அவற்றை நாம் பழிக்க வேண்டியதில்லை. விடை கூறினால் போதும்.

முதலாவது, வாடகை ஒழுங்காக வருமா என்பது. வாடகை யார் பொறுப்பு, எந்தத் தேதியில் தரப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்க. முன்பணமும் இதில் அடங்கும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். ஆனால், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது.

இரண்டாவது, குறித்த நாளில் காலி செய்வார்களா என்பது. அச்சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் இரு தரப்புக்கும் காப்பு. சிகிச்சை எத்தனை வாரங்கள் நீடிக்கும் என்பதற்கு மருத்துவமனையிடம் கடிதம் கேட்டுப் பெறலாம். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது, நோய் தொற்றுமா என்னும் அச்சம். புற்றுநோயாளியுடனோ சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருடனோ ஒரே வீட்டில் வசிப்பதால் அந்நோய்கள் பிறருக்கு வருவதில்லை. காசநோயாளர் பொருத்தமான மருந்துகளை முறையாக உட்கொண்டால், பரப்பும் தன்மை சில வாரங்களில் பெருமளவு குறைந்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அக்காரணத்தால் வாடகை வீடு மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இவ்விரு தரப்பையும் இணைக்க இடையில் நம்பகமான ஒருவர் வேண்டும். 2022இல் உக்ரைன் போரால் வீடிழந்தோருக்காகப் பிரிட்டன் தொடங்கிய திட்டத்தில், இடமளிக்க முன்வந்தோரிடம் குறைந்தது ஆறு மாதங்கள் என உறுதி கேட்கப்பட்டது. வீடும் வீட்டாரும் சரிபார்க்கப்பட்டனர். நன்றித் தொகையாக மாதம் 350 பவுண்டு அரசு வழங்கியது. கால வரையறையும் நேரில் பார்த்தலும் இருந்தால் முன்பின் அறியாதவர்களும் ஒருவரையொருவர் நம்பலாம் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

ஆகவே, பராமரிப்பாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: வீட்டுச் சிக்கலை டிஸ்சார்ஜ் நாள் வரை மறைத்து வைக்காதீர்கள். அனுமதிக்கப்பட்ட நாளிலேயே சமூகப் பணியாளரிடம் கூறுங்கள். வீடு பார்க்கும்போது படிக்கட்டு எத்தனை, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, மழைநீர் புகுமா, ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தபின் ரசீது பெறுங்கள். இன்றிரவே தங்க இடமில்லையெனில், சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணை அழைத்து வீடற்றோர் காப்பகம் குறித்துக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் நோயாளியின் உடனிருப்போருக்கெனவும் காப்பகங்கள் உள்ளன.

இவ்விதழைப் படிப்போரில் வீட்டு உரிமையாளர்களும் இருப்பீர்கள். மாடியில் ஓர் அறை சும்மா பூட்டியிருந்தால், மூன்று மாதத்திற்குத் தர இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். இலவசமாகத் தர வேண்டுமென நாங்கள் கேட்கவில்லை. நியாயமான வாடகையும் முடியும் தேதி எழுதிய ஒப்பந்தமும் உங்களுக்கு உரியவை. அந்த மூன்று மாதங்களில் ஒருவருடைய சிகிச்சை இடையில் நில்லாமல் முடிந்திருக்கும்.