சொன்னோம் என்று இருந்துவிடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள்

தோட்டத்து ஓடையில் களவாக மாணிக்கக்கல் தோண்டிய செய்தி வரும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே முடிவுதான். கூலிக்குக் குழியில் இறங்கிய பையன்கள் பிடிபடுகிறார்கள். பம்ப் கொடுத்து, கல்லை வாங்கிக்கொண்ட முதலாளியின் பெயர் வழக்கிலேயே இருப்பதில்லை. தண்ணீர் கெட்டுப்போன லயத்து மக்களைக் கேட்டால், "தலைவரிடம் சொன்னோம், ஆபீஸில் சொன்னோம்" என்கிறார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. பொகவந்தலாவையில் கெசல்கமு ஓயாவின் கரைகளைக் குடைந்து காசல்ரீ நீர்த்தேக்கம் வரை சேறு இறங்கவிட்டது நம் கண் முன்னால்தான் நடந்தது. நமுனுகுல மலையடியில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இந்த மலைத்தொடரின் தண்ணீர் ஒரு பக்கம் பதுளு ஓயாவுக்கும் மறுபக்கம் கதிர்காமம் போகும் மாணிக்க கங்கைக்கும் இறங்குகிறது. மேலே கலக்கினால் கீழே பீலியில் பிடிக்கும் குடிதண்ணீர் கெடும். குழியில் தேங்கும் நீரில் கொசு பெருகும், சேற்றில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும். சரிவின் அடிமண்ணை எடுத்தால் மேலே உள்ள லயத்துக்குப் பிடிமானம் போகும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குக் காரணம் வேறு. ஆனால் முன்கூட்டியே எச்சரித்தும் மக்கள் அங்கேயே இருக்க நேர்ந்ததை மறக்க முடியுமா?

தங்கம் விலை ஏறிய நேரத்தில் இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆற்று மணலில் உள்ள பொன்துகளைச் சேர்க்கப் பாதரசம் ஊற்றி, பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக்கும் முறை பல நாடுகளில் உண்டு. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தவே 2017இல் மினமாட்டா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. யார் பாதரசம் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். வீட்டு அடுப்பில் ஒருபோதும் சூடாக்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது.

முதலில் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள். மாணிக்கக்கல் என்றால் 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை தர வேண்டும். தங்கம் என்றால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் தர வேண்டும். பத்திரத்தில் உள்ள பெயர், காணி, காலாவதித் திகதி மூன்றையும் பாருங்கள். துரை வாயால் தந்த அனுமதி அனுமதிப்பத்திரம் ஆகாது. அனுமதியோடு தோண்டுபவர் குழியை மூடுவதற்குப் பிணைப்பணம் கட்டியிருப்பார். களவுக்குழியை மூட எவரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, பொலிஸ் முறைப்பாடு. அவசரமென்றால் 119. பிறகு நேரில் போய் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூன்றாவது, ஒரே கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்: மாணிக்கக்கல் அதிகார சபைக்கு, கிராம உத்தியோகத்தருக்குப் பிரதியுடன் பிரதேச செயலாளருக்கு, குடிதண்ணீருக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, மண்சரிவு அச்சமிருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கு. தோட்டம், டிவிசன், மலை இலக்கம், ஓடை, நாள், நேரம், பெக்கோ அல்லது வாகன இலக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். படம் எடுக்க இரவில் குழியருகே போகாதீர்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

"பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடும் அதிகாரிகள் ஏராளம். அதற்கும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த இடத்துக்கு அனுமதி கொடுத்தீர்களா? என் முறைப்பாட்டின் மேல் என்ன செய்தீர்கள்? 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். பொதுத்தொல்லை என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் நீதவான் நீதிமன்றத்தையும் நாடலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் பதுளையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கூலிக்கு இறங்கும் பிள்ளைகளுக்கு: அனுமதியில்லாத குழியில் பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல்தான். பம்ப் எஞ்சினைக் குழிக்குள் இறக்கி ஓட்டினால் அந்தப் புகை ஆளை மயக்கிக் கொல்லும். மயங்கியவரைத் தூக்க அடுத்தவர் குதித்தால் இரண்டு உயிரும் போகும். 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். சேற்றில் வேலை செய்த பின் காய்ச்சல் வந்தால், எங்கே வேலை செய்தீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மறைத்தால் எலிக்காய்ச்சலைப் பிந்தித்தான் கண்டுபிடிப்பார்கள், அதற்குள் சிறுநீரகம் பழுதாகலாம்.

திரும்பவும் சொல்கிறேன்: தலைவரிடம் சொன்னது முறைப்பாடு ஆகாது, துரையிடம் சொன்னதும் ஆகாது. இலக்கமும் பற்றுச்சீட்டும் கையில் இருந்தால்தான் நாளைக்கு எந்த அதிகாரியும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. இந்த வாரமே லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.